லேயர் கடலுக்குள் விழுந்தால்: திருகோணமலைத் தரவில் வரும் ஆள்கூற்றுப் பிழைகளை அறிகுறி பார்த்து நீக்குதல்

ஜிஐஎஸ் (கணினி வரைபட) மென்பொருளில் ஒரு லேயர், அதாவது வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கு, தவறான இடத்தில் விழுந்தால், பலரும் முதலில் செய்வது அதைப் பிடித்து இழுத்துச் சரியான இடத்தில் வைப்பதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எவ்வளவு தூரம் தள்ளி விழுந்திருக்கிறது, எந்தத் திசையில் விழுந்திருக்கிறது என்ற இரண்டுமே காரணத்தைச் சொல்லிவிடும். இழுத்து வைத்த நிமிடத்தில் அந்தச் சாட்சியம் அழிந்துபோகும். பிழையும் போகாது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாறிக்கொள்ளும்.

கீழே உள்ள எண்கள் திருகோணமலை நகருக்குள் ஒரே ஒரு புள்ளிக்கு உரியவை: அகலாங்கு 8.57, நெட்டாங்கு 81.23. மாவட்டத்தின் வேறு இடங்களுக்கு எண்கள் மாறும், விலகலின் அளவும் திசையும் பெரும்பாலான பிழைகளில் பெரிதாக மாறாது. மெனுப் பெயர்கள் கியூஜிஐஎஸ் 3 என்ற ஜிஐஎஸ் மென்பொருளுக்கு உரியவை.

எதற்கும் முன்: கோப்பில் உள்ள எண்ணைப் பாருங்கள்

வரைபடத்தைப் பார்க்கும் முன் எண்ணைப் பாருங்கள். சிஎஸ்வி என்றால் நோட்பேடில் திறந்து முதல் ஐந்து வரிகளைப் படியுங்கள். எக்செலில் திறக்க வேண்டாம், அது தசமங்களைக் குறைத்துக் காட்டும். அப்படியே சேமித்தால் குறைந்தது குறைந்ததுதான். ஷேப்ஃபைல் என்றால் லேயர் புரொப்பர்ட்டீஸ் போய், இன்ஃபர்மேஷன் பக்கத்தில் எக்ஸ்டென்ட் வரியை (லேயரின் எல்லை எண்களை) பாருங்கள்.

அதே ஒரு புள்ளி ஒவ்வொரு ஆள்கூற்று முறைமையிலும் (சிஆர்எஸ்) ஏறக்குறைய இப்படித் தெரியும், ஈபிஎஸ்ஜி என்பது அந்த முறைமையின் பதிவு எண்:

டபிள்யூஜிஎஸ்84, ஈபிஎஸ்ஜி 4326: நெட்டாங்கு 81.23, அகலாங்கு 8.57.
யூடிஎம் 44 வடக்கு, ஈபிஎஸ்ஜி 32644: கிழக்கு 525,300, வடக்கு 947,300.
எஸ்எல்டி99 இலங்கைக் கட்டம், ஈபிஎஸ்ஜி 5235: கிழக்கு 550,200, வடக்கு 673,500.
பழைய கண்டவல இலங்கைக் கட்டம், ஈபிஎஸ்ஜி 5234: கிழக்கு 250,200, வடக்கு 373,500.
வெப் மெர்கேட்டர், ஈபிஎஸ்ஜி 3857: 9,042,500, 957,600.

இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு முன்னால் ஒட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. வடக்கு எண் 6 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் 7 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் இடையில் இருந்தால் எஸ்எல்டி99. 9 இலட்சத்தைத் தாண்டி, கிழக்கு எண் 5 இலட்சத்தை ஒட்டி இருந்தால் யூடிஎம். 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் 4 இலட்சத்து 20 ஆயிரத்துக்கும் இடையில் என்றால் கண்டவல. ஏழு இலக்கத்தில் 90 இலட்சம் வந்தால் வெப் மெர்கேட்டர். கோப்போடு வந்த குறிப்பு என்ன சொன்னாலும் எண் சொல்வதையே நம்புங்கள். குறிப்பை மனிதர் எழுதுகிறார், ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது பழைய குறிப்பு அப்படியே வந்துவிடும்.

அறிகுறி: லேயர் வேறு கடலில், வேறு நாட்டில், துருவத்தில்

பயமுறுத்தும் பிழை இதுதான். சரிசெய்ய எளிதானதும் இதுதான். புள்ளி எங்கே விழுந்தது என்று பாருங்கள்.

ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் விழுந்ததா? அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிவிட்டன. 81 பாகை வடக்கு, 8 பாகை கிழக்கு என்று மென்பொருள் படித்திருக்கிறது. கூகுள் மேப்ஸில் எண்ணைப் பிரதி எடுத்தால் அகலாங்கு முதலில் வரும். கியூஜிஐஎஸ், ஜியோஜேசன், கேஎம்எல் மூன்றும் நெட்டாங்கை முதலில் கேட்கும். சிஎஸ்வி சேர்க்கும்போது எக்ஸ் ஃபீல்ட் என்ற இடத்தில் நெட்டாங்கு நிரலைத் தெரிவு செய்யுங்கள்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், பூச்சியம் பூச்சியத்தை ஒட்டிக் கிடந்தால், மீட்டர் அல்லாத எண்ணை மீட்டர் என்று படித்திருக்கலாம்: 81.23 மீட்டர், 8.57 மீட்டர். இல்லையென்றால் அந்த வரியில் ஆள்கூறே வெறுமையாக இருந்திருக்கும்.

திருவனந்தபுரத்துக்கு மேற்கே அரபிக் கடலில் என்றால் யூடிஎம் வலயம் 43 என்று கொடுத்திருக்கிறீர்கள். வலயங்கள் ஆறு ஆறு பாகையாகப் போகின்றன. 44ஆம் வலயம் 78 முதல் 84 வரை, இலங்கை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இங்கே 43 என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. அண்டார்டிகாவில் என்றால் வலயம் சரி, அரைக்கோளம் தவறு: 44 தெற்கு என்று தெரிவாகியிருக்கிறது.

யால கடற்கரைக்குத் தெற்கே கடலில் கிடந்தால், உள்ளே இருப்பவை எஸ்எல்டி99 எண்கள், மேலே ஒட்டியிருப்பது யூடிஎம் பெயர். இதற்கு நேர்மாறாக, யூடிஎம் எண்களுக்கு எஸ்எல்டி99 என்று பெயர் வைத்தால் புள்ளி வங்காள விரிகுடாவில், காரைக்காலுக்குக் கிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் போய் உட்காரும்.

கல்முனைக்கு நேரே கிழக்கில் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள் என்றால் எஸ்எல்டி99 தான், கிழக்கும் வடக்கும் இடம் மாறியிருக்கின்றன. நில அளவைக் கருவியிலிருந்து வரும் பட்டியல்களில் வடக்கை முதலில் எழுதும் வழக்கம் உண்டு. பட்டியலின் தலைப்பு வரியில் வடக்கு, கிழக்கு என்று தெளிவாக இருந்தாலும் இறக்கும் ஆள் கவனிக்காமல் போவது நடக்கிறது.

காலிக்கு மேற்கே இந்து சமுத்திரத்தில் என்றால், பழைய கட்டத்து எண்ணுக்குப் புதிய கட்டத்தின் பெயர். சரியான இடத்திலிருந்து 300 கிலோமீட்டர் மேற்கும் 300 கிலோமீட்டர் தெற்கும் விலகியிருக்கும். இரண்டு கட்டங்களுக்கும் மூலம் ஒன்றே, பிதுருதலாகலை. பழைய கட்டத்தில் அந்த மூலத்துக்கு 200,000, 200,000 என்றும் புதியதில் 500,000, 500,000 என்றும் எண் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த எல்லாவற்றுக்கும் தீர்வு ஒன்றுதான். லேயரின் மேல் வலது சொடுக்கு, லேயர் சிஆர்எஸ், செட் லேயர் சிஆர்எஸ். எண் எந்த முறைமைக்கு உரியதோ அந்தப் பெயரைக் கொடுங்கள். எண்கள் மாறாது, அவற்றின் பெயர் மட்டும் திருத்தப்படும். நிரல் இடம் மாறிய பிழைக்கு மட்டும் சிஎஸ்வியை மீண்டும் சேர்க்க வேண்டும்.

அறிகுறி: சிஆர்எஸ் மாற்றினேன், லேயர் காணாமல் போயிற்று

மிக அதிகமாக நடப்பதும், தரவை உண்மையிலேயே கெடுப்பதும் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

சிஆர்எஸ்ஸில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, இருக்கும் எண்ணுக்குப் பெயர் சொல்வது. இன்னொன்று, எண்ணையே புதிய முறைமைக்கு மாற்றிக் கணக்கிடுவது. பச்சை அரிசி மூட்டைக்கு 'சம்பா' என்று சீட்டு ஒட்டினால் அரிசி சம்பாவாகாது. செட் லேயர் சிஆர்எஸ் என்பது சீட்டு ஒட்டும் வேலை. ஆர்க்ஜிஐஎஸ் புரோவில் டிஃபைன் புரொஜெக்‌ஷன் என்பதும் அதே வேலை. எண்ணை மாற்றுவதற்குக் கியூஜிஐஎஸ்ஸில் ரீபுரொஜெக்ட் லேயர், அல்லது எக்ஸ்போர்ட் போய் சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் புரொஜெக்ட்.

இப்படி ஒரு கிணற்றுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணியாவில் தொலைபேசியால் எடுத்த ஆள்கூறுகள், 81.19, 8.49 போன்ற எண்கள், சரியாக 4326 என்று பெயரிடப்பட்டவை. நில அளவையாளருக்கு எஸ்எல்டி99இல் வேண்டும் என்று கேட்கிறார்கள். ஒருவர் செட் லேயர் சிஆர்எஸ் போய் 5235 என்று மாற்றுகிறார். மென்பொருள் உடனே 81.19 மீட்டர், 8.49 மீட்டர் என்று படிக்கும். அந்தக் கட்டத்தின் பூச்சியப் புள்ளி பிதுருதலாகலைக்கு 500 கிலோமீட்டர் மேற்கிலும் 500 கிலோமீட்டர் தெற்கிலும் சமுத்திரத்தில் இருக்கிறது, கிணறுகள் எல்லாம் ஒரே புள்ளியாகச் சுருங்கி அங்கே போகும். திரையில் எதுவும் தெரியாது. பிறகு அவர் திட்டத்தின் சிஆர்எஸ்ஸை மாற்றுவார், அதுவும் சரிவராமல் வேறொன்றைத் தேடுவார். மூன்றாவது முயற்சியில் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போகும்.

மீட்கும் வழி: எக்ஸ்டென்ட் வரியைப் பார்த்து எண்ணை மேலே உள்ள ஐந்தோடு ஒப்பிடுங்கள். எண் 81, 8 என்றே இருந்தால் ஒன்றும் கெடவில்லை, பெயரை மீண்டும் 4326 ஆக்குங்கள். அதன் பிறகு எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் ஆஸ், புதிய கோப்புப் பெயர், சிஆர்எஸ் 5235. வெளியே வரும் கோப்பில் 5 இலட்சத்துச் சொச்சமும் 6 இலட்சத்துச் சொச்சமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். தவறான பெயரோடு ஏற்கெனவே ரீபுரொஜெக்ட் செய்து முடித்திருந்தால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு மூலக் கோப்புக்குப் போங்கள். இரண்டு தவறுகளைத் திருப்பிக் கணக்கிட்டுச் சரிசெய்யப் பார்ப்பது நேர விரயம்.

இதோடு ஒட்டிய ஒன்று: திரையில் பொருந்துகிறது, ஆனால் கோப்பை வேறொருவருக்குக் கொடுத்தால் பொருந்தவில்லை என்பது. கியூஜிஐஎஸ் ஒவ்வொரு லேயரையும் காட்டும்போதே திட்டத்தின் முறைமைக்கு மாற்றிக் காட்டும், கோப்பில் எதையும் தொடாது. ஷேப்ஃபைலை அனுப்பும்போது .பிஆர்ஜே கோப்பை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் அனுப்பினால், பெறுபவருக்குப் பெயரே இல்லாத எண்கள்தான் போய்ச் சேரும். ஜியோபேக்கேஜில் கொடுத்தால் ஒரே கோப்பு, பெயர் உள்ளேயே இருக்கும். ஜியோஜேசனாகக் கொடுத்தால் 4326க்கு மாற்றிய பிறகே கொடுங்கள். இணைய வரைபடங்கள் அதற்குள் மீட்டர் எண்களை எதிர்பார்ப்பதில்லை.

அறிகுறி: எல்லாம் ஏறக்குறைய 200 மீட்டர் மேற்கே

திருகோணமலையில் டேட்டம் பிழையின், அதாவது பூமியின் உருவத்தையும் மையத்தையும் வேறாக எடுத்துக்கொண்ட பிழையின், முகம் இதுதான். கிழக்குக் கரை என்பதால் நன்றாகவே தெரியும். உப்புவெளியில் கரையோரக் கட்டடங்கள் உள்நாட்டுப் பக்கம் நகர்ந்து நிற்கும், கோணேசர் கோவிலின் புள்ளி பாறை முனையை விட்டுக் கோட்டைப் பக்கம் போயிருக்கும். வடிவம் குலையாது, கோணம் மாறாது, மொத்தமும் அப்படியே பெயர்ந்திருக்கும். பார்த்தவுடன் இழுத்து வைக்கத் தோன்றும் பிழை.

காரணம் இது. இலங்கைக் கட்டங்கள் 1830 எவரெஸ்ட் எலிப்சாய்டின் (பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் தட்டையான கோள உருவத்தின்) 1937 திருத்தத்தின் மேல் கட்டப்பட்டவை. அதன் அரைப் பேரச்சு 6,377,276.345 மீட்டர். ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84க்கு அது 6,378,137. உருவமும் வேறு, மையமும் வேறு. ஒரே அகலாங்கு நெட்டாங்கு இரண்டிலும் தரையில் இரண்டு இடங்களைக் குறிக்கும். திருகோணமலையில் அந்த இடைவெளி கிழக்கு மேற்காக ஏறக்குறைய 215 மீட்டர், வடக்குத் தெற்காக 25 மீட்டர். மாற்றக் கணக்கு நடக்காமல் விட்டால் லேயர் அவ்வளவு தூரம் மேற்கிலும் சற்றுத் தெற்கிலும் விழும்.

கணக்கு நடக்காமல் போக மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, மென்பொருள் தோராய மாற்றத்தைத் தெரிவு செய்திருப்பது. கியூஜிஐஎஸ்ஸில் அதன் பெயர் பால்பார்க். எறியத்தை (உருண்டையான பூமியைத் தட்டையாக்கும் முறையை) கணக்கிடும், டேட்டத்தை விட்டுவிடும். புரொஜெக்ட் புரொப்பர்ட்டீஸ் போய் டிரான்ஸ்ஃபர்மேஷன்ஸ் பக்கத்தில் எந்த மாற்றம் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். பால்பார்க் என்ற சொல் இருந்தால் நீக்கிவிட்டு ஏழு அளவுருக்கள் கொண்டதைத் தெரிவு செய்யுங்கள். ரீபுரொஜெக்ட் கருவியில் இதே தெரிவு, அட்வான்ஸ்ட் பகுதியில் கோஆர்டினேட் ஆபரேஷன் என்று இருக்கும்.

இரண்டாவது, யாரோ கையால் கட்டிய கஸ்டம் புரொஜெக்‌ஷன். எறியத்தின் எண்களைக் கொடுத்துவிட்டு டேட்டம் எண்களை மறந்திருப்பார்கள். எஸ்எல்டி99க்கு வேண்டியவை இவை: நகர்வு எக்ஸ் −0.293, ஒய் 766.95, இசட் 87.713 மீட்டர், சுழற்சி 0.195704, 1.695068, 3.473016 விகலை, அளவு −0.039338 பிபிஎம். எறியம் டிரான்ஸ்வர்ஸ் மெர்கேட்டர், மூலம் வடக்கு 7 பாகை 00 கலை 01.6975 விகலை, கிழக்கு 80 பாகை 46 கலை 18.1671 விகலை, அளவுக் காரணி 0.9999238418. ஆனால் 5235 என்ற எண் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும்போது கையால் கட்டத் தேவையே இல்லை. கையால் கட்டியதைக் கண்டால் அழித்துவிட்டு 5235ஐப் போடுவதுதான் நல்லது.

இங்கே ஒரு நுட்பம். சுழற்சி எண்களை எழுத இரண்டு வழக்குகள் உண்டு, ஒன்றில் குறி கூட்டலாக வந்தால் மற்றதில் கழித்தலாக வரும். மேலே கொடுத்தவை பொசிஷன் வெக்டர் வழக்கில் உள்ளவை. கோஆர்டினேட் ஃபிரேம் என்று கேட்கும் மென்பொருளில் அப்படியே போட்டால், இங்கே ஏறக்குறைய 200 மீட்டர் மேற்கே பெயரும். கணக்கே நடக்காதது போலவே தோன்றும். பிரித்தறிய வடக்குத் தெற்கைப் பாருங்கள். கணக்கு நடக்கவில்லை என்றால் 25 மீட்டர் தெற்கு விலகலும் கூடவே இருக்கும். குறி மட்டும் மாறியிருந்தால் வடக்குத் தெற்கு விலகல் நாலைந்து மீட்டர்தான். அப்போது மூன்று சுழற்சி எண்களின் குறியையும் மாற்றுங்கள், நகர்வு எண்களைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, கையடக்க ஜிபிஎஸ். அமைப்பில் மேப் டேட்டம் என்ற இடத்தில் கண்டவல தெரிவாகியிருக்கும். திரையில் தெரியும் அகலாங்கு நெட்டாங்கைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவந்து டபிள்யூஜிஎஸ்84 என்று நினைத்து இறக்கினால் இதே 215 மீட்டர் வரும். கருவி உள்ளே டபிள்யூஜிஎஸ்84இல்தான் சேமிக்கிறது. ஆகவே ஜிபிஎக்ஸ் கோப்பாக இறக்கினால் சரியாக இருக்கும், கையால் எழுதியது மட்டும் விலகியிருக்கும். ஒரே நாள் வேலையில் பாதிப் புள்ளி சரி, பாதி தவறு என்று வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். எழுதிய புள்ளிகளைக் கண்டவல அகலாங்கு நெட்டாங்கு, ஈபிஎஸ்ஜி 4244 என்று பெயரிட்டு மாற்றினால் சரியாகும்.

கண்டவலக் கட்டத்துத் தரவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதற்கு டபிள்யூஜிஎஸ்84க்குப் போகப் பரவலாகக் கிடைக்கும் மூன்று அளவுருக்கள், −97, 787, 86, ஒவ்வொன்றிலும் 20 மீட்டர் ஐயத்தோடு வெளியானவை. வெள்ள அபாயப் பகுதி வரைவதற்கு அது போதும். வேலி எல்லைக்குப் போதாது. எல்லை வேலைக்கு, இரண்டு கட்டத்திலும் எண் தெரிந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நில அளவைத் திணைக்களத்திடம் வாங்குங்கள். 300,000ஐக் கூட்டிவிட்டு எஸ்எல்டி99 என்று எழுதுவதும் இதே காரணத்தால் எல்லை வேலைக்கு ஆகாது: மூலம் ஒன்றானாலும் 1999இன் வலையமைப்பு புதிதாகச் சரிக்கட்டப்பட்டது.

அறிகுறி: 10, 20 கிலோமீட்டர் விலகல், ஆனாலும் தரையில்தான்

ஏமாற்றும் வகை. புள்ளி மாவட்டத்துக்குள்ளேயே விழுவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

25 கிலோமீட்டர் தெற்கு, 10 கிலோமீட்டர் மேற்கு என்றால், பாகை கலை விகலையைத் தசமமாக எழுதியிருக்கிறார்கள். நகரத்துப் புள்ளி 8 பாகை 34 கலை 12 விகலை, 81 பாகை 13 கலை 48 விகலை. அதை 8.3412, 81.1348 என்று எழுதினால் கந்தளாய்க்குக் கிழக்கே போய்விடும். கலையை 60ஆலும் விகலையை 3600ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும்: 8.57, 81.23. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நிரலில் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கங்களும், அடுத்த இரண்டும், எந்த வரியிலும் 59ஐத் தாண்டவில்லை என்றால் அது தசமமே இல்லை. விலகலின் அளவு புள்ளிக்குப் புள்ளி மாறும், ஆகவே இழுத்து வைத்தும் இது சரிவராது.

19 கிலோமீட்டர் மேற்கு, 8 கிலோமீட்டர் தெற்கு என்றால் 'யார்' (கஜம்) என்ற நீள அலகின் கணக்கு. ஆர்க்ஜிஐஎஸ் பட்டியலில் சிலோன் பெல்ட் என்ற பெயரில் மீட்டரிலும் இந்திய யாரிலும் இரண்டு இருக்கும். யாரில் மூலத்தின் எண் 176,000. நகரத்துப் புள்ளி அதில் 231,000, 366,000 என்று வரும். கண்டவலக் கட்டத்தின் 250,200, 373,500க்குக் கிட்டவே இருப்பதால் பார்வையில் பிடிபடாது. பழைய தாள் வரைபடத்திலிருந்து எடுத்த எண் என்றால், ஓரத்தில் யார் என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு இந்திய யார் 0.91439523 மீட்டர்.

அறிகுறி: மூன்று முதல் பத்து மீட்டர் விலகல்

இது பெரும்பாலும் எறியத்தின் பிழை அல்ல. தொலைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை காட்டும். செய்மதிப் படமும் அதன் பங்குக்கு விலகியிருக்கும். இரண்டு வெவ்வேறு ஆண்டுப் படங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், கட்டடம் தானே நகர்வது தெரியும். தசமத்தையும் எண்ணுங்கள். நாலு தசமம் என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஒரு மீட்டர், ஆறு என்றால் பத்துச் சென்டிமீட்டர். நாலு தசமத்தில் எழுதிய புள்ளிகள் பெரிதாக்கிப் பார்த்தால் சதுரக் கட்டத்தில் நிரை நிரையாக நிற்கும். இழந்த இலக்கத்தை எந்த மாற்றமும் திருப்பித் தராது.

அறிகுறி: இடம் சரி, பரப்பளவு சரியில்லை

உறுதியில் 160 பேர்ச், திரையில் ஏறக்குறைய 165. கிட்டத்தட்ட 3 வீதம் கூடினால் அது வெப் மெர்கேட்டர். புதிய திட்டத்தில் இணையப் படத்தை முதல் லேயராகப் பின்னணியில் போட்டால் திட்டம் 3857க்கு மாறிவிடுகிறது, அதன் மேல் வரைந்த பல்கோணமும் அதே முறைமையில் சேமிக்கப்படுகிறது. நமது அகலாங்கில் அது கிழக்கு மேற்காக 1.1 வீதமும் வடக்குத் தெற்காக 1.8 வீதமும் நீட்டுகிறது. பரப்பளவு வேண்டுமானால் லேயரை 5235க்கு மாற்றிவிட்டு அளவுங்கள். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். ஃபீல்ட் கால்குலேட்டரில் டாலர் குறியோடு வரும் ஏரியா எலிப்சாய்டின் மேல் கணக்கிடும். டாலர் இல்லாமல் ஜியோமெட்ரியை அடைப்புக்குள் வாங்கும் ஏரியா, தட்டையாக, லேயரின் எண்ணை அப்படியே வைத்துக் கணக்கிடும். ஒரே பல்கோணத்துக்கு இரண்டு விடை வருவது இதனால்தான்.

பஃபரிலும், அதாவது ஒரு கோட்டிலிருந்து குறித்த தூரத்துக்கு வலயம் வரைவதிலும், இதே கோளாறு வரும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்தை உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டர் என்று வரையறுக்கிறது. 4326 லேயரில் பஃபர் கருவி பாகையில் கேட்கும். ஒரு பாகை 100 கிலோமீட்டர் என்று மனக்கணக்குப் போட்டு 0.003 கொடுத்தால் 330 மீட்டர் வந்துவிடும். உயர்ந்த அகலாங்கு நாடுகளில் பாகைப் பஃபர் நீள்வட்டமாகத் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒரு பாகை கிழக்கு மேற்காக 110.1, வடக்குத் தெற்காக 110.6 கிலோமீட்டர். வட்டம் வட்டமாகவே தெரியும், யாருக்கும் சந்தேகம் வராது. 3857இல் 300 என்று கொடுத்தால் தரையில் 295 முதல் 297 மீட்டர்தான் கிடைக்கும். ஒரு வீட்டின் சுவர் வலயத்துக்கு உள்ளேயா வெளியேயா என்ற கேள்வி அந்த நாலைந்து மீட்டரில்தான் இருக்கிறது. 5235இல் வையுங்கள்.

அறிகுறி: ஆட்டோகேட் வரைபடம் ஒரு முனையில் பொருந்துகிறது, மறு முனையில் பொருந்தவில்லை

யூடிஎம்மில் வரைந்த டிஎக்ஸ்எஃப்பை (ஆட்டோகேட் வரைபடக் கோப்பை) எஸ்எல்டி99 லேயரின் மேல் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். ஒரு மூலை பொருந்தும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் போனால் நீளத்தில் 35 சென்டிமீட்டர், பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் விலகும். திருகோணமலையில் யூடிஎம் தரைத் தூரத்தைக் கிலோமீட்டருக்கு 39 சென்டிமீட்டர் குறைத்துக் காட்டுகிறது, எஸ்எல்டி99 நாலைந்து சென்டிமீட்டர் மட்டும். கட்ட வடக்கும் ஒன்றல்ல, இரண்டுக்கும் இடையில் இரண்டு கலைக் கோணம் இருக்கிறது. டிஎக்ஸ்எஃப்பை 32644 என்று பெயரிட்டு 5235க்கு ஏற்றுமதி செய்தால் இரண்டும் சேர்ந்து தீரும்.

வரைபடம் 1000, 1000 என்று ஆரம்பித்தால் அது அந்தத் தளத்துக்கு மட்டும் போட்ட சொந்தக் கட்டம். எந்த ஈபிஎஸ்ஜி எண்ணும் அதற்குப் பொருந்தாது. காணியின் எதிரெதிர் மூலைகளில் குறைந்தது நாலு புள்ளிகளுக்கு உண்மை ஆள்கூறு எடுத்து வெக்டர் ஜியோரெஃபரன்சரில் ஹெல்மெர்ட் மாற்றம் (நகர்த்தி, சுழற்றி, அளவை மாற்றும் கணக்கு) கொடுங்கள். இரண்டு புள்ளியே கணக்குக்குப் போதும், ஆனால் இரண்டோடு நிறுத்தினால் எஞ்சிய பிழை எப்போதும் பூச்சியம் என்றே காட்டும், தவறாக எடுத்த புள்ளி அகப்படாது.

அறிகுறி: கடற்கரையில் உயரம் −90 மீட்டருக்கும் கீழே

நிலாவெளி மணலில் நிற்கிறீர்கள், கருவி கடல் மட்டத்துக்கு 90 மீட்டருக்கு மேல் கீழே என்று காட்டுகிறது. கருவி பழுதில்லை. ஜிபிஎஸ் எலிப்சாய்டிலிருந்து உயரம் சொல்கிறது. உலகிலேயே ஜியோய்ட் (சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய பூமியின் ஈர்ப்பு உருவம்) மிகவும் தாழ்ந்திருக்கும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருப்பதால், இங்கே சராசரிக் கடல் மட்டமே எலிப்சாய்டுக்கு 90 முதல் 100 மீட்டர் கீழே கிடக்கிறது. இஜிஎம்96 அல்லது இஜிஎம்2008 ஜியோய்ட் மாதிரியைக் கருவியிலோ மென்பொருளிலோ இயக்கினால் எண் பூச்சியத்துக்குக் கிட்ட வரும். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு ஏற்கெனவே இஜிஎம்96இல் இருக்கிறது. அதற்கு மீண்டும் திருத்தம் கொடுத்தால் நிலாவெளி மலையாகிவிடும்.

திருத்திய பிறகு

மூன்று இடங்களில் சரிபாருங்கள், மூன்றும் ஒன்றுக்கொன்று தூரமாக இருக்கட்டும்: கோணேசர் கோவில் முனை (81.2455, 8.5825), கிண்ணியாப் பாலத்தின் ஒரு முனை, வடக்கே குச்சவெளிப் பக்கம் ஒரு வீதிச் சந்தி. பாலத்தின் முனை, இறங்குதுறையின் மூலை, மதில் மூலை போன்ற கூர்மையான இடங்களை எடுங்கள். நீர்க்கோடு வேண்டாம், வடகீழ்ப் பருவக் காற்றுக்கு முன்னும் பின்னும் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. மூன்றிலும் விலகல் ஒரே அளவாக எஞ்சினால் டேட்டத்தை மீண்டும் பாருங்கள். தூரம் போகப் போகக் கூடினால் எறியத்தின் பெயரையும் அலகையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் விலகல் இருந்தால் அந்தப் புள்ளியை எழுதியவரின் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியைப் பாருங்கள்.